நார்வே ஃபியோர்டு ரோட்ல ஒரு நாள் பழைய கார் ராலி: நம்ம வடசென்னைல இருந்தே ரெடி ஆகுறது எப்படி

பழைய கார் ராலின்னு சொன்னா ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பசங்க கேக்குற முதல் கேள்வி "எவ்ளோ ஸ்பீடு போவும்ணே?" தான். இதுல ஸ்பீடுக்கு மார்க்கே கிடையாது. ரெகுலாரிட்டின்னு சொல்லுவாங்க, அதாவது இந்த ரோட்டை சராசரி 45 கிலோமீட்டர் வேகத்துல போகணும்னு பேப்பர்ல குடுத்துடுவாங்க, வழியில எங்கயோ ஒரு எடத்துல உங்களுக்கு தெரியாம டைம் எடுப்பாங்க, சீக்கிரம் வந்தாலும் பெனால்ட்டி லேட்டா வந்தாலும் பெனால்ட்டி, செகண்டு கணக்குல. போட்டி நடக்குறது சாதாரண பப்ளிக் ரோடு, எதிர்ல டூரிஸ்ட் பஸ் வரும், ஆடு வரும், சைக்கிள் வரும். அதனால ஜெயிக்கிறது ரெண்டு விஷயத்துல தான் இருக்கு, ஒண்ணு பக்கத்து சீட்டுல உக்காந்து வழி சொல்லி கணக்கு போடுற ஆளு, நேவிகேட்டர்னு பேரு, இன்னொண்ணு இறக்கத்துல வண்டியை பிரேக்கு சுடாம இறக்குற டிரைவரு. ரெண்டையும் நம்ம ஊர்ல இருந்தே பழகிக்கலாம், அத சொல்ல தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல கார் விஷயத்த முடிச்சிடலாம். நம்ம அம்பாசிடரையோ ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ கப்பல்ல ஏத்தி அங்க எடுத்துட்டு போகணும்னு ஆசை எல்லாருக்கும் வரும், எனக்கும் இருக்கு. ஹெரால்டு நம்ம மெட்ராஸ்ல செஞ்ச காரு, அதுக்கும் முன்னாடி எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ் கம்பெனி 1948ல ஆரம்பிச்சு ஆஸ்டின் ஏ40 காரை அசெம்பிள் பண்ணிச்சு, அதுக்கப்புறம் தான் அது லேலண்ட் ஆகி லாரி பஸ் பக்கம் போச்சு. அந்த மாதிரி ஒரு எண்ணூர் ஆஸ்டின் ஃபியோர்டு ஓரமா, அதாவது மலைக்கு நடுவுல நீளமா உள்ள வந்த கடல் ஓரமா போனா எப்படி இருக்கும்! ஆனா ஒரு நாள் ராலிக்காக கன்டெய்னர் வாடகை, கஸ்டம்ஸ் பேப்பரு, இன்சூரன்ஸு, போக ஒரு தடவ வர ஒரு தடவன்னு பாத்தா அந்த செலவுல வீட்டுல ஒரு மாடி எழுப்பிடலாம். அதனால அங்கயே பழைய காரை வாடகைக்கு எடுங்க, இல்ல அங்க கார் வெச்சிருக்கிற ஆளுக்கு நேவிகேட்டரா உக்காருங்க. ரெண்டாவது வழி தான் எனக்கு ரொம்ப புடிச்சது, கணக்குல கில்லியா இருக்கிற நேவிகேட்டருக்கு எந்த ஊர்லயும் சீட்டு கிடைக்கும்.

வாடகைக்கு எடுக்கிறவங்க எந்த காருன்னு யோசிங்க. அந்த பக்கம் அதிகமா ஓடுற பழைய கார்னா வோல்வோ அமேசான், வோல்வோ பிவி 544, சாப் 96. எல்லாம் பக்கத்து நாடு ஸ்வீடன்ல செஞ்சது. அமேசான் எடுத்தீங்கன்னா கவலையே இல்ல, கனமான வண்டி, ஹீட்டர் நல்லா வேல செய்யும், 1959லயே மூணு முனை சீட் பெல்ட்டை வோல்வோ தான் மொதல்ல தன்னோட கார்ல போட்டு வித்துச்சு, அதுல இதுவும் ஒண்ணு. சாப் 96க்கு ராலி உலகத்துல தனி மரியாதை, எரிக் கார்ல்சன் 1962லயும் 1963லயும் மான்டே கார்லோ ராலிய அதுல தான் ஜெயிச்சாரு. ஆனா அந்த காருல ஒரு விஷயம் கண்டிப்பா தெரிஞ்சிக்கணும். ஃப்ரீவீல்னு ஒண்ணு இருக்கு. ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா இன்ஜின் தனியா வீல் தனியா ஆயிடும், வண்டி நியூட்ரல்ல போற மாதிரி உருளும், இன்ஜின் இழுத்து புடிக்கவே புடிக்காது. சமதரைல சுகமா இருக்கும். மலை இறக்கத்துல அது கொலைகாரன். அத லாக் பண்றதுக்கு ஒரு கைப்பிடி இருக்கும், வண்டி சாவிய வாங்குறப்பவே அது எங்க இருக்குன்னு கேட்டு, ரெண்டு தடவ போட்டு எடுத்து பாத்துட்டு தான் நகரணும்.

பேப்பர் வேலை பெருசா ஒண்ணும் இல்ல. நார்வே ஷெங்கன்ல இருக்கு, அதனால ஷெங்கன் விசா போதும், அதுக்கு குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜ் இருக்கிற டிராவல் இன்சூரன்ஸ் கேப்பாங்க. வண்டி ஓட்டுறவங்க நம்ம ஆர்டிஓ ஆபிஸ்ல இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எடுத்துக்கங்க, ஒரு வருஷம் செல்லும், அதோட நம்ம ஒரிஜினல் லைசென்ஸும் கையில இருக்கணும், பெர்மிட் தனியா செல்லாது. போற டைம் ஜூன் கடைசில இருந்து ஆகஸ்ட் வரைக்கும். மலை மேல ரோடெல்லாம் பனிகாலத்துல மூடி கிடக்கும், மே கடைசில தான் ஒண்ணொண்ணா தொறப்பாங்க. ராலிக்கு பேர் குடுக்கிறப்ப அவங்க விதில உங்க கார் எந்த வருஷ கிளாஸுல வருதுன்னு பாருங்க, உலக அளவுல பழைய கார் சங்கங்கள் கூட்டமைப்பு வெச்சிருக்கிற பொதுவான அளவு 30 வருஷம். நம்ம ஊர் சட்டம் வேற, 2021ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டினா தான் விண்டேஜ் ரெஜிஸ்ட்ரேஷன், விஏ எழுத்து போட்ட நம்பர் தருவாங்க, அந்த நம்பர் போட்ட வண்டிய தினப்படி ஓட்ட கூடாது, ராலிக்கும் கண்காட்சிக்கும் பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் தான். ப்ராக்டீஸுக்கு சொந்த வண்டிய எடுக்கிறவங்க இத மறந்துடாதீங்க.

இப்ப நேவிகேட்டர் பாடம். இது தான் முக்கியம், இதுக்கு மலையும் வேணாம் ஃபியோர்டும் வேணாம், எண்ணூர் ரோடு போதும்.

ரோடுபுக்னு ஒரு புக்கு குடுப்பாங்க. அதுல ஒவ்வொரு வரிலயும் மூணு விஷயம் இருக்கும், ஆரம்பத்துல இருந்து மொத்த தூரம், முந்தின திருப்பத்துல இருந்து இந்த திருப்பத்துக்கு தூரம், அப்புறம் ஒரு சின்ன படம். படத்துல ஒரு புள்ளி, ஒரு அம்பு. புள்ளி நீங்க வர்ற எடம், அம்பு நீங்க போக வேண்டிய ரோடு. இதுக்கு டூலிப் படம்னு பேரு, நெதர்லாந்துல நடக்கிற டூலிப் ராலில இருந்து வந்த பேரு. ரோட்டுல பெயர் பலகை எதையும் நம்ப வேணாம், தூரமும் படமும் மட்டும் தான். மேப்பு ஆப்பு எல்லாம் நிறைய ராலில தடை, போன பைல போட்டு சீல் வெக்கிற ராலி கூட உண்டு.

கணக்கு இப்படி. 3600ஐ சராசரி வேகத்தால வகுத்தா ஒரு கிலோமீட்டருக்கு எத்தன செகண்டுன்னு வந்துடும். 45ல போகணும்னா 80 செகண்டு. 48னா 75. 40னா 90. 36னா 100. இந்த நாலஞ்ச மனப்பாடம் பண்ணிக்கங்க, நம்ம காசிமேடு ஏலத்துல கூடைக்கு வெல சொல்ற ஆளுங்க போடுற ஸ்பீடுல மனசுலயே வரணும். 45ல 3.6 கிலோமீட்டர் வந்திருக்கீங்கன்னா 288 செகண்டு, அதாவது 4 நிமிஷம் 48 செகண்டு ஆகியிருக்கணும். வாட்சுல 4 நிமிஷம் 40 ஓடுதுன்னா 8 செகண்டு சீக்கிரம் வந்துட்டீங்க, 100 மீட்டர் முன்னாடி இருக்கீங்கன்னு அர்த்தம். டிரைவர் கிட்ட "ஸ்லோ பண்ணு"ன்னு சொன்னா அவருக்கு எவ்ளோன்னு தெரியாது, "எட்டு செகண்டு முன்னாடி"ன்னு சொல்லுங்க, அவரே கால பாத்துப்பாரு.

இதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யணும், காரோட மீட்டர சரி பாக்கணும். பழைய கார்ல கிலோமீட்டர் மீட்டர் சரியா காட்டவே காட்டாது, டயர் சைஸ் மாறியிருக்கும், காத்து கூட கம்மியா இருக்கும். ராலி ஆரம்பிக்கிற எடத்துல ராலி நடத்துறவங்களே அளந்த தூரம் ஒண்ணு குடுப்பாங்க, அதுல ஓட்டி பாத்து வித்தியாசத்த எழுதிக்கணும். 10 கிலோமீட்டருக்கு உங்க மீட்டர் 10.3 காட்டிச்சுன்னா நூத்துக்கு 3 தப்பு, அத கவனிக்காம விட்டா மேல சொன்ன 3.6 கிலோமீட்டர்லயே 8 செகண்டு காலி. இத மீஞ்சூர் தாண்டி பொன்னேரி ரோட்டுல கிலோமீட்டர் கல்ல பாத்து பழகலாம், கல்லு கல்லா நிறுத்தி நோட்டுல எழுதுங்க.

ப்ராக்டீஸ் ரூட்டு நான் சொல்றது இது. ஞாயித்துக்கிழமை விடியக்காத்தால, கன்டெய்னர் லாரி கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி கிளம்புங்க. காசிமேட்டுல ஆரம்பிச்சு எண்ணூர் விரைவு சாலைய புடிச்சு திருவொற்றியூர், எண்ணூர், அப்பால அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு. முந்தின நாளே ஒருத்தர் பைக்ல போய் ரோடுபுக் எழுதிடணும், எந்த பெட்டிக்கடைகிட்ட திரும்பணும், எந்த கோயில்கிட்ட நேரா போணும்னு தூரத்தோட. நேவிகேட்டருக்கு அத காலையில வண்டி ஸ்டார்ட் பண்றப்ப தான் காட்டணும். போறப்ப உள்ள பேச்சு இந்த மாதிரி இருக்கணும்:

"மச்சான், எரநூறுல ரைட்டு. லெவல் கிராசிங்குக்கு முன்னாடி."

"ரைட்டு எரநூறு. டைமு?"

"மூணு செகண்டு லேட்டு. ஒண்ணும் பண்ணாத, திரும்பினதும் ரோடு காலியா கீது, அங்க புடிச்சிக்கலாம். நூறு. அம்பது. இந்தா இப்ப."

"அட்த்தது?"

"ஒண்ணு புள்ளி நாலு கிலோமீட்டரு நேரா. மூச்சு வுட்டுக்க."

இவ்ளோ தான் பேசணும், இதுக்கு மேல ஒரு வார்த்த கூட வேணாம். டிரைவர் நேவிகேட்டர் சொன்னத திருப்பி சொல்லணும், அப்ப தான் கேட்டுச்சுன்னு தெரியும். நம்ம பசங்க முதல் தடவ போறப்ப சண்ட போடுவாங்க, மச்சான் மாமா எல்லாம் பறந்துடும், அது ஊர்லயே நடந்து முடிஞ்சிடுறது நல்லது. லாரி குறுக்க வந்து ரெண்டு நிமிஷம் போச்சுன்னா அத எப்படி சரி பண்றதுன்னு எண்ணூர் ரோடு கத்து குடுக்கிற மாதிரி எந்த ரோடும் கத்து குடுக்காது. ஒரே மூச்சுல துரத்தி புடிக்க கூடாது, அடுத்த அஞ்சாறு கிலோமீட்டர்ல கொஞ்சம் கொஞ்சமா புடிக்கணும். நம்ம ஏரியா பெருசுங்களுக்கு சோழவரம் ரன்வேல ரேஸ் பாத்த ஞாபகம் இருக்கும், அந்த காலத்து ஆளுங்க யாராவது உங்க தெருவுல இருந்தா பக்கத்துல உக்கார வெச்சி கேளுங்க, டைம் கணக்கு அவங்க கிட்ட கத்துக்கலாம்.

டிரைவருக்கு மட்டும் மலை வேணும். நம்ம பக்கம் மேடுன்னா பேசின் பிரிட்ஜ் தான், அதுல ஒண்ணும் கத்துக்க முடியாது. ஏலகிரிக்கு போங்க, 14 கொண்டை ஊசி வளைவு, ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாம். தைரியம் வந்தப்புறம் கொல்லிமலை, அங்க 70 வளைவு, அத பழைய கார்ல நிதானமா ஏறி இறங்கிட்டா நார்வேல எந்த ரோடும் உங்கள பயமுறுத்தாது. இன்னொரு சிக்கல் கை மாறுறது. அங்க ரோட்டுல வலது பக்கம் ஓட்டணும், ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில. நம்ம அம்பாசிடர்ல ஹேண்ட் கியர் போட்டு பழகினவங்களுக்கு கை குழம்பும். வீட்டுல சேர்ல உக்காந்து வலது கையில கியர் போடுற மாதிரி சும்மா பண்ணி பாருங்க, அது நிஜமாவே உதவும். ரவுண்டானால இடது பக்கம் இருந்து வர்றவங்களுக்கு வழி விடணும், எல்லாரும் முதல் நாள் தடுமாறுற எடம் அது தான்.

சரி, பிரேக்கு. இத நிதானமா படிங்க.

பழைய கார்ல நாலு வீலுலயும் டிரம் பிரேக்கா இருக்கும், இல்ல முன்னாடி மட்டும் டிஸ்க் இருக்கும். டிரம்முக்குள்ள ஷூ உரசி உரசி சூடாகும், சூடு வெளிய போக வழி கம்மி. அளவுக்கு மேல சூடாச்சுன்னா லைனிங் புடிக்கிற தன்மை போயிடும், டிரம்மும் சூட்டுல விரிஞ்சி ஷூவ விட்டு தள்ளி போயிடும், பெடல அழுத்துறீங்க, பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி நிக்காது. இன்னொரு விதம் இருக்கு, பிரேக் ஆயில் கொதிக்கிறது. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்த குடிக்கும், நம்ம கடலோர ஊர்ல கேக்கவே வேணாம். டாட் 4ன்னு ஒரு தரம் இருக்கு, அந்த ஆயில் புதுசா இருக்கிறப்ப கொதிக்காம குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் தாங்கணும், ஈரம் குடிச்சதுக்கப்புறம் அந்த அளவு 155க்கு எறங்கிடும். கொதிச்சா பைப்புல ஆவி, அப்ப பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும். பெடல் கெட்டியா இருந்து நிக்கலையா இல்ல பஞ்சா போகுதான்னு காலே சொல்லிடும், ரெண்டுக்கும் காரணம் வேற. முதல்ல சொன்னதுக்கு வண்டிய ஓரம் கட்டி ஆற விட்டா போதும். ரெண்டாவதுக்கு ஆற விட்டு பெடல் திரும்பி வந்தாலும் நம்பாதீங்க, ஆயில மாத்துற வரைக்கும் திரும்ப அந்த இறக்கத்துல போகாதீங்க.

வாடகை கார எடுக்கிறப்ப பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்கன்னு கேளுங்க. ரெண்டு வருஷத்துக்கு மேலன்னா மாத்தி குடுங்கன்னு சொல்லுங்க, சங்கடமே பட வேணாம். கேக்க வேண்டிய இன்னொரு கேள்வி நாலு டிரம்மும் ஒரே அளவா அட்ஜஸ்ட் ஆகியிருக்கான்னு. காலியான சமதரைல 30ல போய் கைய ஸ்டியரிங்க லேசா புடிச்சிட்டு பிரேக்க அழுத்தி பாருங்க, வண்டி ஒரு பக்கம் இழுத்தா ஒரு சைடு ஷூ டைட்டு இல்ல ஆயில் கசிஞ்சி லைனிங் நனைஞ்சிருக்கு. எங்க பக்கத்து மேஸ்திரி பாய் ஒருத்தர் வீல தூக்கி கையால சுத்தி விட்டு, அட்ஜஸ்டர கிளிக் கிளிக்னு திருகி வீல் நின்ன எடத்துல இருந்து ஒரு கிளிக் திருப்பி விட்டு, திரும்ப சுத்தி காத வெச்சி கேப்பாரு, லேசா "சர்ர்"ன்னு உரசுற சத்தம் நாலு வீலுலயும் ஒரே மாதிரி வரணும். அந்த சத்தத்த நீங்களும் ஒரு தடவ அவங்க பக்கத்துல உக்காந்து கேட்டு வெச்சிக்கங்க, அங்க போய் உதவும்.

ஓட்டுற விதம் ஒரே வரி தான்: எந்த கியர்ல ஏறுவீங்களோ அந்த கியர்ல இறங்குங்க. வளைவுக்கு முன்னாடியே செகண்டு போட்டுடணும், வளைவுக்குள்ள போய் கியர் தேட கூடாது. பிரேக்க கால வெச்சி அமுக்கிட்டே இறங்க கூடாது, அழுத்தமா ஒரு தடவ, விட்டுடணும், ஆற நேரம் குடுக்கணும், திரும்ப ஒரு தடவ. ரெகுலாரிட்டில இறக்கத்துல நாலு செகண்டு லேட்டானா ஆகட்டும், அத கீழ சமதரைல புடிங்க.

இப்ப அந்த ஒரு நாள். நான் சொல்ற ரூட்டு நார்வேல ஓண்டால்ஸ்னெஸ்ங்கிற ஊர்ல இருந்து ஸ்ட்ரின்ங்கிற ஊர் வரைக்கும். இதுல கெய்ராங்கர்-ட்ரோல்ஸ்டிகன் சுற்றுலா ரோடு மட்டும் 104 கிலோமீட்டரு. ஓண்டால்ஸ்னெஸ்க்கு ட்ரெயின்லயே போகலாம், டோம்பாஸ்ல இருந்து வர்ற ரௌமா லைன், 1924ல போட்டது, ஐசிஎஃப் ஆளுங்க யாராவது கூட வந்தா ஜன்னல விட்டு நகர மாட்டாங்க.

காலையில ட்ரோல்ஸ்டிகன். 1936ல தொறந்த ரோடு, 11 கொண்டை ஊசி, ஏத்தம் கிட்டத்தட்ட நூத்துக்கு பத்து, நடுவுல ஸ்டிக்ஃபாஸ் அருவி பாலத்துக்கு பக்கத்துலயே கொட்டும், கண்ணாடில சாரல் அடிக்கும், வைப்பர் ரெடியா வெச்சிக்கங்க. ஏத்தம்ங்கிறதால பிரேக் கவலை இல்ல, ரேடியேட்டர் கவலை. டெம்பரேச்சர் முள்ளு ஏறிச்சுன்னா ஹீட்டர ஃபுல்லா தொறந்து விடுங்க, அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டரு தான். வளைவுல பஸ் வர்றப்ப அவங்களுக்கு ரோடு முழுசும் வேணும், முன்னாடியே நின்னுடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ரோடு தொறந்திருக்கான்னு கண்டிப்பா பாருங்க, 2024ல பாறை உருண்டு விழுந்ததால சீசன் நடுவுலயே மூடிட்டாங்க. மேல போனா ஜூன் மாசத்துலயும் ஓரத்துல பனி கிடக்கும். அங்க இருந்து வால்டால் பக்கம் இறக்கம் மெதுவான இறக்கம், ஸ்ட்ராபெரிக்கு பேர் போன ஊரு.

அப்புறம் லிங்கே-ஈட்ஸ்டால் ஃபெரி. பத்து நிமிஷம் தான், ஆனா பழைய காருக்கு இது ஒரு பரிட்சை. வரிசையில நிக்கணும், ஃபெரில ஏறினதும் இன்ஜின் ஆஃப், கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக். சூடான இன்ஜின நிறுத்தினா பானெட்டுக்குள்ள சூடு இன்னும் ஏறும், கார்புரேட்டர்லயும் பம்புலயும் பெட்ரோல் ஆவியாயிடும், கரை வந்ததும் சாவி போட்டா ஸ்டார்ட் ஆகாது, பின்னாடி இருபது கார் நிக்கும். இதுக்கு வழி, சோக்க தொடாம ஆக்ஸிலேட்டர பாதி அழுத்தி அப்படியே புடிச்சிட்டு ஸ்டார்ட் அடிங்க, பம்ப் பண்ணாதீங்க, பெட்ரோல் ஓவர் ஆயிடும். பெட்ரோல் அங்க 98 ஆக்டேன் போடுங்க, 95ல பத்து சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்திருக்கும், எத்தனால் சீக்கிரம் ஆவியாகும், பழைய ரப்பர் ஹோசையும் திங்கும். நம்ம ஊர்ல இருபது சதவீதம் ஆயிடுச்சு, அதனால ஊர்ல ப்ராக்டீஸ் வண்டிக்கு எத்தனால் தாங்குற ஹோஸா மாத்திடுங்க, பெட்ரோல் வாசன வந்தா அன்னைக்கே பாருங்க. ஃபெரில ஸ்வேலேன்னு தடியா ஒரு பேன்கேக் விப்பாங்க, சர்க்கர வெண்ணெய் வெச்சி மடிச்சி தருவாங்க, சூடா சாப்பிடுங்க.

கரை ஏறினதும் ஏத்தம், அதுக்கப்புறம் தான் இந்த நாளோட உயிர். ஓர்னெவேகன், கழுகு ரோடுன்னு பேரு, 1955ல தொறந்தாங்க, 620 மீட்டர் உயரத்துல இருந்து 11 வளைவுல கெய்ராங்கர் ஃபியோர்டுக்கு இறங்கும். மேல் வளைவுல ஒரு பார்வை மேடை இருக்கு, அங்க நிறுத்தி ஆற விடுங்க, எதிர்ல ஏழு சகோதரிகள் அருவி, கீழ பச்சையா தண்ணி, அதுல கப்பல் நம்ம காசிமேட்டு ஃபைபர் போட்டு சைஸுக்கு தெரியும். யுனெஸ்கோ 2005ல இந்த ஃபியோர்ட உலக பாரம்பரிய எடமா சேத்துச்சு, ஏன்னு அங்க நின்னா யாரும் சொல்ல வேணாம். பனிப்பாறை ஆத்து மாதிரி நகந்து மலைய அறுத்து, அப்புறம் கடல் உள்ள வந்துச்சு, அதனால தான் கரையே இல்லாம சுவர் மாதிரி நேரா தண்ணிக்குள்ள போகுது. பாத்துட்டு, ஃபோட்டோ எடுத்துட்டு, நேவிகேட்டர் வாட்ச பாத்துட்டு, செகண்டு கியர்ல இறங்குங்க. சாப் 96னா ஃப்ரீவீல் லாக் ஆகியிருக்கான்னு நேவிகேட்டர் வாய்விட்டு கேக்கணும், டிரைவர் வாய்விட்டு பதில் சொல்லணும். டிரைவர் வேடிக்கை பாக்க கூடாது, இந்த ரோட்டுல அது கஷ்டம் தான், ஆனா பாக்க கூடாது.

கெய்ராங்கர்ல மதிய சாப்பாடு. அங்க விலை கேட்டா தல சுத்தும், புளிசோறு கட்டிட்டு போறது நல்லது. அதுக்கப்புறம் திரும்ப ஏத்தம், ஜூப்வாட்னெட் ஏரி வரைக்கும் கடல் மட்டத்துல இருந்து ஆயிரம் மீட்டர் ஏறுவீங்க. டால்ஸ்னிபா உச்சிக்கு தனி டோல் ரோடு பிரியும், கிட்டத்தட்ட 1,500 மீட்டரு, ராலில டைம் இருந்தா மட்டும் போங்க. இவ்ளோ உயரத்துல காத்து மெலிசாகும், கார்புரேட்டர் பெட்ரோல அதிகமா குடுக்கும், வண்டி கொஞ்சம் கனமா இழுக்கும், அது ரிப்பேர் இல்ல, திருகி வெச்சிடாதீங்க, கீழ இறங்கினா சரியாயிடும்.

கடைசி துண்டு க்ரோட்லில இருந்து பழைய ஸ்ட்ரின் மலை ரோடு. 27 கிலோமீட்டரு, 1894ல தொறந்தது, ஆளுங்க கையால கல்லு அடுக்கி போட்ட ரோடு, ஓரத்துல வரிசையா காவல் கல்லு நட்டிருப்பாங்க, பாதி தூரம் மண் ரோடு. எனக்கு இந்த நாள்ல ரொம்ப புடிச்சது இது தான், ட்ரோல்ஸ்டிகன் மாதிரி கூட்டம் இருக்காது. ஒத்த வண்டி போற அகலம், நீல போர்டுல எம் எழுத்து போட்டிருந்தா அது ஒதுங்குற எடம், எதிர்ல வண்டி வந்தா யாருக்கு கிட்டயோ அவங்க அதுல ஒதுங்கணும், அங்க வண்டிய நிறுத்தி ஃபோட்டோ எடுக்க கூடாது. ஆடு மணி கட்டிட்டு ரோட்டு நடுவுல படுத்திருக்கும், ஹாரன் அடிச்சா எந்திரிக்காது, மெதுவா பக்கத்துல போனா தானா நகரும். மண் ரோட்டுல வீல் வழுக்கினா மீட்டர் கொஞ்சம் அதிகமா காட்டும், ரோடுபுக்ல பாலமோ வளைவோ வந்தா அந்த எடத்துல மீட்டர திரும்ப சரி பண்ணிக்கங்க.

ரூல்ஸ்ல மூணு விஷயம் மட்டும் சொல்லிடறேன். பகல்லயும் ஹெட்லைட் எரியணும், எப்பவும். இது சின்ன விஷயமா தெரியும், ஆனா டைனமோ போட்ட பழைய கார்ல மெதுவா போறப்ப சார்ஜே ஏறாது, லைட்டு, வைப்பரு, ஹீட்டர் ஃபேன் மூணும் ஓடினா சாயங்காலம் பேட்டரி படுத்துடும். நிக்கிற எடத்துல எல்லாம் லைட்ட அணைக்க ஞாபகம் வெச்சிக்கங்க, டிக்கில ஜம்பர் கேபிள் இருக்கட்டும். குடி சுத்தமா கூடாது, நம்ம ஊர்ல 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்னா அங்க 20, ஒரு பீரே சிக்கல். ஒளிரும் ஜாக்கெட்டும் முக்கோணமும் வண்டில இருக்கணும். அவசரம்னா போலீஸ் 112, ஆம்புலன்ஸ் 113, தீயணைப்பு 110.

டிக்கில மத்தபடி ஃபேன் பெல்ட், பாயிண்ட் செட்டு, கண்டென்சர், ரெண்டு பிளக்கு, கொஞ்சம் பெட்ரோல் ஹோஸு, கிளாம்பு, இன்சுலேஷன் டேப்பு. இதெல்லாம் ஆகாயத்துல இருந்து வராது, காரோட மாடல் தெரிஞ்சா வாடகை குடுக்கிறவங்க கிட்டயே கேட்டு வாங்கிடலாம். ஒரு கம்பளி, ஒரு ரெயின்கோட்டு, ரெண்டு பேருக்கும். கீழ 18 டிகிரி இருக்கும், ரெண்டு மணி நேரத்துல மேல 4 டிகிரி மழை.

ஸ்ட்ரின்ல வந்து டைம் கார்டு குடுத்ததும் ஹோட்டலுக்கு ஓடாதீங்க, ஜூன்ல ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்ல. நாலு வீல் பக்கத்துலயும் போய் டிரம்முக்கு கிட்ட உள்ளங்கைய காட்டுங்க, தொடாதீங்க, ஒண்ணு மட்டும் மத்ததவிட அனலடிச்சா அந்த ஷூ ஒட்டிட்டு இருக்கு, மறுநாள் எடுக்கிறதுக்கு முன்னாடி தூக்கி பாக்கணும். வீல் நட்டு எல்லாத்தையும் ஒரு தடவ டைட் பண்ணுங்க, மண் ரோட்டுக்கப்புறம் லூஸாகும். இன்ஜின் ஆறினப்புறம் மட்டும் ரேடியேட்டர் மூடிய தொறந்து தண்ணி பாருங்க. பெட்ரோல அன்னைக்கே ரொப்பிடுங்க, பங்க்ல ஆள் இருக்க மாட்டாங்க, கார்டு போட்டு பின் நம்பர் அடிச்சு நீங்களே தான் புடிக்கணும், அதனால வெளிநாட்டுல வேல செய்ற கார்டான்னு பேங்க்ல கேட்டு ஆன் பண்ணிட்டு தான் இங்க இருந்து கிளம்பணும்.